பதிவு எங்கே, யார் பெயரில்? தாராவிக் குடும்பம் ஒன்றின் இறப்புச் சான்றிதழ் குறித்த நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து இளம் வயதிலேயே மும்பைக்கு வந்து, தாராவியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒருவர், 2023ஆம் ஆண்டின் இறுதியில் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் காலமானார். அன்றிரவே ஆம்புலன்ஸ் பேசி உடலை ஊருக்குக் கொண்டுசென்று தகனம் செய்த குடும்பத்தார், காரியங்கள் முடிந்து மும்பை திரும்பியபின் இறப்புச் சான்றிதழைப் பற்றி நினைக்கவேயில்லை. நினைக்க வேண்டிய கட்டாயம் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. 2024 மார்ச்சில் தொடங்கிய தாராவி மறுசீரமைப்புத் திட்டக் கணக்கெடுப்பில், இவர்களின் ரூமுக்கான பழைய ஆவணங்கள் யாவும் இறந்தவர் பெயரிலேயே இருந்தன. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கும் வீடுகளுக்குத் தாராவிக்குள்ளேயே மாற்று வீடு என்பது திட்டத்தின் விதி என்பதால், அந்தப் பழைய ஆவணங்களை விட்டுவிடவும் முடியாது, அவற்றுக்கு உரியவர் இறந்துவிட்டார் என்பதைக் காட்டாமல் இருக்கவும் முடியாது. மறுபுறம், ஊரில் இருந்த சிறு நிலத்தின் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று சித்தப்பா வீட்டார் நெருக்கினார்கள். அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

இக்குடும்பத்தின் விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் இந்த நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். ஆட்களையும் அலுவலகங்களையும் அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். இதில் அபூர்வமானது எதுவுமில்லை என்பதே இதை எழுதக் காரணம். மும்பையில் இறந்து ஊரில் எரிக்கப்பட்ட அல்லது புதைக்கப்பட்ட தமிழர்களின் குடும்பங்கள் பல, ஏறத்தாழ இதே வழியில்தான் அலைகின்றன.

ஊரில் கேட்டது

முதலில் ஊரில்தான் கேட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரே பிறப்பு இறப்புப் பதிவாளர். உடல் எரிந்தது அந்த ஊர்ச் சுடுகாட்டில், ஊரே சாட்சி, ஆகவே சான்றிதழும் அங்கேயே கிடைக்கும் என்று அவர்கள் எண்ணியது இயல்பானதுதான். ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், இறப்பு எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்த எல்லைக்குரிய பதிவாளரிடமே அதைப் பதியச் சொல்கிறது. இறந்தவர் எங்கே குடியிருந்தார், எங்கே பிறந்தார், எங்கே எரிக்கப்பட்டார் என்பவற்றில் எதுவும் இதைத் தீர்மானிப்பதில்லை. கிராம நிர்வாக அலுவலர் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்; அவர் செய்தது சரி.

அத்துடன் விட்டிருந்தால் நல்லது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், அந்த மனிதர் ஊரிலேயே வீட்டில் வைத்து இறந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்றும், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் யோசனை சொல்லியிருக்கிறார். மூத்த மகன் பாதிச் சம்மதத்தோடு மும்பைக்குத் தொலைபேசியில் கேட்டபோதுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. பதிவாளரிடம் தெரிந்தே பொய்த் தகவல் தருவது அச்சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கான அபராதத் தொகை சிறியது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும் அதிகபட்சம் 250 ரூபாய்தான். அந்தத் தொகையைப் பார்த்து இதை அற்பமாக எண்ணுகிறவர்கள் உண்டு. உண்மையான சிக்கல் அபராதத்தில் இல்லை. மருத்துவமனை தன் கடமைப்படி மும்பையில் ஏற்கெனவே ஒரு பதிவைச் செய்திருக்கக்கூடிய நிலையில், கிராமத்தில் இரண்டாவது பதிவு ஒன்றை உண்டாக்கினால் ஒரே மனிதர் இரண்டு ஊர்களில் இறந்தவராகிவிடுவார். நிலத் தகராறு என்று ஒன்று எழும் நாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

மும்பையில் சொல்லப்பட்டது

மும்பையில் வேறொரு தவறான பாதை காத்திருந்தது. தாராவி, தாதர், மாஹிம் ஆகிய பகுதிகள் மாநகராட்சியின் ஜி நார்த் வார்டில் அடங்கும். குடும்பத்தார் அங்கே விசாரிக்கப் போன வழியில் ஏஜென்ட் ஒருவர் அவர்களைப் பிடித்துக்கொண்டார். ஓராண்டு கடந்துவிட்டதால் சான்றிதழ் இனி எளிதில் கிடைக்காது, மேஜிஸ்திரேட் உத்தரவு வாங்க வேண்டும், போலீஸ் விசாரணை வரும், எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவு ஆகும் என்று அவர் ஒரு தொகையைச் சொன்னார். அவர் சொன்னது முழுப் பொய்யல்ல என்பதுதான் அதன் அபாயம். 2025இன் தொடக்கத்தில் மகாராஷ்டிர அரசு, ஓராண்டு கடந்த பிறப்பு இறப்புப் பதிவுகளுக்கான சான்றுகளை நிறுத்திவைத்து, அவ்வாண்டு மார்ச்சில் காவல்துறை விசாரணையையும் உட்படுத்திய கடுமையான நடைமுறை ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அந்தச் செய்தி தாராவியில் எல்லோருக்கும் தெரியும். எனவே ஏஜென்ட் சொன்னதைக் குடும்பம் நம்பியது.

ஆனால் அந்த நடைமுறை தாமதமான பதிவுக்கு உரியது. தாமதமாகக் கேட்கப்படும் சான்றிதழுக்கு உரியது அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததுதான் இந்த நிகழ்வின் மையமான சிக்கல் என்று கருதுகிறேன். நான் பார்த்த பெரும்பாலான சிக்கல்களுக்கும் மூலம் அதுவே.

பதிவு என்பது, இறப்பு நிகழ்ந்த தகவல் பதிவாளரின் பேரேட்டில் ஏறுவது. அதற்குத்தான் காலக்கெடு. இறப்பு நிகழ்ந்து 21 நாட்களுக்குள் தகவல் தரப்பட்டால் தாமதக் கட்டணம் கிடையாது. 21 நாட்களுக்குப் பின், 30 நாட்களுக்குள் என்றால் தாமதக் கட்டணம் மட்டும். 30 நாட்களைக் கடந்து ஓராண்டுக்குள் என்றால் மாவட்டப் பதிவாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் சுயசான்றொப்பமிட்ட ஆவணமும் தேவை; நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் கொடுக்கும் பழைய முறையை 2023ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. ஓராண்டையும் கடந்தால், முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் (மேஜிஸ்திரேட்டிடம்) செல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதி அமலுக்கு வந்த அதே திருத்தத்தின்படி இப்போது மாவட்ட ஆட்சியரோ, துணைக்கோட்ட நடுவரோ, ஆட்சியர் அதிகாரமளித்த நிர்வாக நடுவரோ உண்மையைச் சரிபார்த்து உத்தரவிட வேண்டும்.

சான்றிதழ் என்பது அந்தப் பேரேட்டில் ஏற்கெனவே இருக்கும் பதிவிலிருந்து எடுத்துத் தரப்படும் நகல். பதிவு இருக்குமானால், பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் நடுவர் உத்தரவு தேவையில்லை. சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி பேரேட்டில் தேடிப் பார்க்கச் சொல்லிக் கேட்கவும், கிடைத்த பதிவின் சான்றிதழைப் பெறவும் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், கட்டணமும் சொற்பம்.

அப்படியானால் முதல் கேள்வி, பதிவு இருக்கிறதா என்பதே. வீட்டில் நிகழும் இறப்பைத் தெரிவிக்க வேண்டியவர் குடும்பத் தலைவர். மருத்துவமனையில் நிகழ்ந்தால் அந்தக் கடமை மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவ அதிகாரியையோ அவர் அதிகாரமளித்தவரையோ சேரும். இங்கே இறப்பு மருத்துவமனையில் நிகழ்ந்தது. குடும்பத்தார் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை என்றாலும், மருத்துவமனை தன் கடமையைச் செய்திருந்தால் பதிவு நிச்சயம் இருக்கும். சட்டத்தைப் புரட்டுவதற்கு முன் பேரேட்டைப் புரட்டச் சொல்லுங்கள் என்று நான் குடும்பத்தாரிடம் சொன்னதன் காரணம் இதுதான்.

தேடல்

மருத்துவமனை தாராவியை அடுத்த வேறொரு வார்டின் எல்லைக்குள் இருந்தது. ஆகவே ஜி நார்த்தில் இந்தப் பதிவு இருக்க வழியில்லை. மருத்துவமனை எந்த வார்டில் இருக்கிறதோ, அந்த வார்டு அலுவலகத்தின் குடிமக்கள் வசதி மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மும்பையில் வார்டு எல்லை ஒரு சாலையின் நடுவில்கூட மாறிவிடும் என்பதால், மருத்துவமனையின் தபால் முகவரியைப் பார்த்து ஊகிக்காமல், அங்கேயே பதிவுப் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது.

தேடுவதற்கு இறந்தவரின் பெயர், இறந்த தேதி, மருத்துவமனை ஆகிய மூன்றும் அடிப்படை. இவற்றோடு கேஸ் பேப்பர் (நோயாளியைச் சேர்க்கும்போது மருத்துவமனையில் எழுதும் தாள்) இருந்தால் அது எல்லாவற்றையும்விட வலுவானது; உள்நோயாளி எண் அதில்தான் இருக்கும். இவர்களிடம் அது இல்லை. மும்பையிலேயே தகனம் நடந்திருந்தால், மருத்துவர் தந்த இறப்புக் காரணச் சான்றைச் சுடுகாட்டு அலுவலகம் கேட்டு வாங்கிப் பதிந்திருக்கும். தகனம், அடக்கம் நடக்கும் இடத்தின் பொறுப்பாளர் பதிவாளருக்குத் தகவல் தர வேண்டும் என்றும் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, ஒரு தாள் தொலைந்தாலும் இன்னொரு தாள் இருக்கும். ஊருக்குக் கொண்டுபோகும்போது இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. மருத்துவமனை கொடுத்த தாள்களை வழியில் சோதனைச் சாவடிகளில் காட்டுவதற்காக ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வைத்திருந்தார். ஊர்ச் சுடுகாட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை. தாள்கள் அவரோடு போய்விட்டன. விமானத்தில் கொண்டுபோகும் குடும்பங்கள் இதில் ஓரளவு தப்பிவிடுகின்றன. உடலைக் கெடாமல் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று, காவல் நிலையத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று எனப் பலவற்றைச் சரக்குப் பிரிவு கேட்பதால், எல்லாவற்றிலும் நகல் எடுத்து வைக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது.

இதையொட்டி ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் கைவிரித்துவிட்ட நோயாளியை உயிர் இருக்கும்போதே ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று புறப்படுகிற குடும்பங்கள் உண்டு. வழியில், வேறு மாநிலத்துச் சாலையில் உயிர் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விதியில் இடம் இருக்கிறது. ஓடும் வாகனத்தில் நிகழும் இறப்பை, அந்த வாகனத்தின் பொறுப்பாளர் முதலில் நிற்கும் இடத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் ஓட்டுநரும் நிற்பதில்லை, குடும்பமும் நிற்கச் சொல்வதில்லை. அந்தத் துயரத்தில் அதை எதிர்பார்ப்பதும் கடினம். ஆனால் அத்தகைய இறப்புகள்தான் பிற்காலத்தில் உண்மையாகவே ஓராண்டு கடந்த பதிவாக மாறி, இன்ன பதிவு எங்கள் பேரேட்டில் இல்லை என்ற இன்மைச் சான்றிலிருந்து தொடங்கி நடுவர் உத்தரவு வரை போகின்றன. இறந்த இடம் எது என்பதையே நிரூபிக்க முடியாதபோது அந்தக் கோப்பு நகர்வது மிகவும் சிரமம்.

முதல் தேடலில் பெயர் கிடைக்கவில்லை. ஏஜென்ட் சொன்னது சரிதான் போலும் என்று குடும்பம் மனம் தளர்ந்தது. நான் தேதியை வைத்தும் மருத்துவமனையை வைத்தும் தேடும்படி இரண்டாவது விண்ணப்பம் எழுதினேன். வயதும் தாராவி முகவரியும் பொருந்துகிற பதிவு ஒன்று கிடைத்தது. மருத்துவமனை 21 நாட்களுக்குள் ஒழுங்காகத் தகவல் தந்திருந்தது. பதிவு ஓராண்டுக்கும் மேலாக அங்கேயேதான் இருந்தது, வேறு பெயரில்.

பெயர்

அது எப்படி வேறு பெயர் ஆனது என்பதை விளக்க ஒரு கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்கிறேன். சுப்பையா மகன் முத்தையா என்பவர் தமிழ்நாட்டு ஆவணங்களில் சு. முத்தையா. பட்டாவில் அவர் முத்தையா, தந்தை பெயர் சுப்பையா. மகாராஷ்டிரத்தில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயருக்கு மூன்று கட்டங்கள்: சொந்தப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப்பெயர். குடும்பப்பெயர் இல்லாத தமிழர் மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது? சிலர் தந்தை பெயரையே மறுபடி எழுதுகிறார்கள். சிலர் ஊர்ப்பெயரை எழுதுகிறார்கள். மும்பையின் பழைய தலைமுறையில் பலருக்குச் சாதிப் பட்டம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆதாரில் ஒரு விதமாகவும், ரேஷன் கார்டில் இன்னொரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் ஒரே மனிதர் வாழ்ந்துவிடுகிறார். உயிரோடு இருக்கும்வரை அவரே நேரில் நின்று நான்தான் அவன் என்று சொல்லிவிடலாம்.

இந்த நிகழ்வில், மூச்சுத் திணறலோடு கொண்டுவரப்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவர் பக்கத்து ரூம்காரர். பெயர் கேட்டபோது, சாலில் (வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பில்) எல்லோரும் கூப்பிடும் சுருக்கப் பெயரையும், அதன் பின்னால் சாதிப் பட்டத்தையும் சொல்லியிருக்கிறார். தந்தை பெயர் அவருக்குத் தெரியாது. கேஸ் பேப்பரில் எழுதப்பட்ட அந்தப் பெயரே இறப்புக் காரணச் சான்றுக்கும், பின் இறப்பு அறிக்கைக்கும், அதிலிருந்து பேரேட்டுக்கும் ஏறிவிட்டது. தந்தை பெயர்க் கட்டம் காலி. மருத்துவமனையில் சேர்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில், நோயாளியின் ஆதார் நகல் கையில் இருந்திருந்தால் இந்த ஆய்வின் பாதியை எழுத வேண்டியிருந்திருக்காது. பக்கத்து ரூம்காரர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் இல்லையென்றால் அந்த மனிதர் மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டார்.

திருத்தம்

பதிவிலுள்ள பிழையைத் திருத்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு வழி செய்கிறது. மூலப் பதிவை அழிக்கவோ மாற்றவோ கூடாது. ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். எழுத்துப்பிழை போன்றது என்று திருப்தி ஏற்பட்டால் பதிவாளரே திருத்தலாம். பொருளளவிலான பிழை என்றால், உண்மை விவரங்களை அறிந்த நம்பத்தகுந்த இருவரின் வாக்குமூலத்தை விதிகள் கேட்கின்றன. பாதிப் பெயரை முழுப் பெயராக்குவது எந்த வகை என்பதில் அலுவலர்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கும் என்பதால், கடினமான வகை என்றே கொண்டு தயாராவது நல்லது என்று நான் கருதினேன்.

மருத்துவமனையின் ஆவணப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று வார்டு அலுவலகம் சொன்னது. தகவல் தந்தவர் மருத்துவமனை என்பதால் அது நியாயமான கோரிக்கையே. அதைப் பெறுவதில்தான் அதிக நாள் போயிற்று. ஆதார், வாக்காளர் அட்டை, பழைய ரேஷன் கார்டு, மனைவியின் ஆதாரில் கணவர் பெயர் வரும் பக்கம், மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றோடு, அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரமும் இணைக்கப்பட்டன. இருவர் வாக்குமூலத்தில் ஒன்று அந்தப் பக்கத்து ரூம்காரருடையது. பெயரைத் தவறாகச் சொன்னவரே, தாம் சொன்னது யாரைப் பற்றி என்று எழுதிக் கொடுத்ததைவிட வலுவான சாட்சியம் இதில் இருக்க முடியாது.

விண்ணப்பம் எழுதும்போது குடும்பத்துக்குள் ஒரு விவாதம் எழுந்தது; அதைச் சற்று விரிவாகச் சொல்வது பயனுள்ளது. இறப்புச் சான்றிதழில் முகவரிக்கு இரண்டு இடங்கள் உண்டு: இறந்தபோது இருந்த முகவரி ஒன்று, நிரந்தர முகவரி மற்றொன்று. மருத்துவமனை இரண்டிலும் தாராவியையே எழுதியிருந்தது. நிலம் ஊரில் இருப்பதால் நிரந்தர முகவரியை ஊர் முகவரியாக மாற்ற வேண்டும் என்று சித்தப்பா விரும்பினார். தாராவிக் கணக்கெடுப்பு முடியாத நிலையில் ஊர்ப் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று இளைய மகன் அஞ்சினார். இருவர் கவலையும் புரிந்துகொள்ளக்கூடியதே. நான் முகவரியைத் தொட வேண்டாம் என்றேன். ஆதார் உட்பட அவருடைய எல்லா ஆவணங்களும் தாராவி முகவரியில் இருக்கும்போது, ஊரை நிரந்தர முகவரி என்று நிரூபிக்க வலுவான ஆதாரம் எதுவும் அவர்களிடம் இல்லை. பட்டாவில் நிலத்துக்கு உரியவரை அடையாளம் காட்டுவது அவர் பெயரும் தந்தை பெயருமே. தந்தை பெயர்க் கட்டம் சரியாக நிரப்பப்பட்டால் ஊர்த் தேவை அதிலேயே நிறைவேறிவிடும். கேட்கப்படும் திருத்தங்களின் எண்ணிக்கை கூடக் கூட, இது வேறொருவரின் பதிவோ என்ற ஐயம் அலுவலருக்கு எழுவதும் இயல்பு. ஆகவே பெயர், தந்தை பெயர் ஆகிய இரண்டை மட்டுமே கேட்டோம்.

பதிவாளர் மறுத்திருந்தால் 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யவும், 90 நாட்களுக்குள் அதன் மீது முடிவு பெறவும் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவகுத்திருக்கிறது. அதற்கு இங்கே தேவை ஏற்படவில்லை. திருத்தக் குறிப்பு ஏறியபின், மராத்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட சான்றிதழ் கிடைத்தது. மராத்திப் பகுதியைப் பார்த்து ஊரில் மறுத்துவிடுவார்களோ என்று சித்தப்பா கவலைப்பட்டார். ஆங்கிலப் பெயரின் எழுத்துக்கூட்டல் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா என்பதே பார்க்கப்படும், அதைச் சான்றிதழ் கொடுக்கும் மேசையிலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கணக்கெடுப்பில் சான்றிதழின் நகல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, ரூம் மனைவியின் கோரிக்கையாகப் பதிவாயிற்று. தகுதி பற்றிய இறுதி முடிவு இன்னும் வரவில்லை. ஊரில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். எதிர்பாராத இடையூறு ஆயுள் காப்பீட்டுத் தொகையில் வந்தது. இறப்புக்கான காரணம் சான்றிதழில் இல்லையே என்று கேட்டார்கள். அதில் இருக்கவும் கூடாது. சான்றிதழில் இறப்புக் காரணத்தை வெளியிடலாகாது என்று 17ஆம் பிரிவே தடுக்கிறது. காரணம் வேண்டுமென்றால், நெருங்கிய உறவினருக்கு மருத்துவமனை கட்டணமின்றித் தர வேண்டிய இறப்புக் காரணச் சான்றின் நகலைத்தான் காட்ட வேண்டும். ஆம்புலன்ஸோடு போன தாள்களில் அதுவும் ஒன்று. உள்நோயாளி எண் இப்போது தெரிந்துவிட்டதால், அதே ஆவணப் பிரிவில் அதற்கும் ஒரு மனு கொடுக்கப்பட்டிருக்கிறது.